தொட்டியில் கிடந்து பறந்த ட்ரோன்

சிலுவையில் மாட்டிக்கொண்ட ட்ரோனை ஆலிவ் உலுக்கும் கழியால் தட்டி இறக்கிவிடலாம் என்று பெல்மிரோவுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த மாதிரி யோசனையெல்லாம் அவருக்குத் தானாகவே வரும்.

மணி ஒன்பதரை. பத்துக்கு லிஸ்பனிலிருந்து அதிகாரி வருகிறார், ட்ரோனைச் சோதித்துப் பார்க்க. அதற்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்வோமே என்று பெல்மிரோ கிளப்பிய ட்ரோன், குன்றின் மேலிருந்த சிற்றாலயத்தைச் சுற்றி அழகாக ஒரு வட்டம் போட்டது. இரண்டாவது வட்டத்தில் பெல்மிரோவுக்குத் தும்மல் வந்தது. தும்மிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், ஆலயத்து உச்சிச் சிலுவையின் வலது கையில் அது வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

கழி எட்டவில்லை. தீயணைப்பு வேனின் கூரைமேல் ஏறி நின்றார், எட்டியது. ஒரே ஒரு தட்டுத்தான் தட்டினார். ட்ரோன் விடுபட்டு, ஓட்டுக்கூரையில் சறுக்கி, ஆலயத்தை ஒட்டியிருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து முழுகியது. காட்டில் தீப்பிடித்தால் ஹெலிகாப்டர் வந்து வாளியை முக்கி நீர் மொள்வதற்காகக் கட்டிய தொட்டி அது. மூன்று ஆள் ஆழம்.

கழியின் நுனியில் கம்பியை வளைத்துக் கட்டித் துழாவினார். ஏதோ சிக்கியது. இழுத்தார். ட்ரோனின் நாலு விசிறிகளில் ஒன்று மட்டும் மேலே வந்தது, மிச்சம் இன்னும் ஆழத்துக்கு உருண்டுபோனது. விசிறியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கையிலிருந்த இயக்கும் கருவியின் திரை நீலமாகி, 'தொடர்பு இல்லை' என்று மரியாதையாகத் தெரிவித்தது.

பெல்மிரோ தொட்டிக் கரையில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தேழு வயது ஆள், கண் கலங்கியது என்றே சொல்ல வேண்டும்.

பிழைப்புக்கு அவர் இரும்புச் சாமான் கடையில் ஆணி நிறுப்பவர். சங்கு ஊதினால் காஸ்டெய்ரா ஊரின் தன்னார்வத் தீயணைப்பு வீரர். இருபத்தொன்பது வருடம் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறியவருக்குப் போன வருடம் இரண்டு முழங்கால்களும் ஒரே நாளில் ராஜினாமா கொடுத்தன. கமாண்டர் கிராசிண்டா அவரைச் சூப் அண்டாவுக்கு மாற்றிவிட்டார். தீயணைத்துத் திரும்புகிறவர்களுக்கு முட்டைக்கோஸ் சூப் ஊற்றிக் கொடுக்கும் வேலை. ஒரு கோடை முழுக்க ஊற்றினார். உப்புக் குறைவு என்று சொன்ன ஒருவனை அகப்பையாலேயே அடிக்கப் போய், நாலு பேர் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

அப்புறம்தான் படைக்கு ட்ரோன் வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் குழாயைப் பிடித்துக்கொண்டு ஓடுவதில்தான் ஆசை. பயிற்சிக்குப் பெயர் கொடுத்தது பெல்மிரோ ஒருவர்தான். சீருடை திரும்பக் கிடைத்தது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நின்றார். இன்றைய சோதனையில் ட்ரோன் தேறவில்லையென்றால் அதைப் பக்கத்து ஊரான பெட்ரோசாவுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று காப்பிக் கடையில் பேச்சு. ட்ரோன் பெட்ரோசாவுக்குப் போனால் பெல்மிரோ மறுபடி அண்டாவுக்குப் போக வேண்டியதுதான்.

எதிரே மலை. மலையுச்சியில் காவல் கோபுரம். கோபுரத்தில் அவர் மனைவி ஸுல்மிரா.

தொலைநோக்கியால் காட்டைப் பார்த்துக்கொண்டே இருந்து, புகை தெரிந்தால் ரேடியோவில் சொல்வது அவள் வேலை. பதினொரு கோடையாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். உலகத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது என்பாள். நல்ல காற்று, நல்ல வெளிச்சம், ராத்திரிக்கு என்ன சமையல் என்று கேட்க ஆளே இல்லை.

பெல்மிரோ கைபேசியை எடுத்தார்.

"ஸுல்மிரா, ஒரு சின்ன உதவி."

"சிலுவையில மாட்டினதைப் பாத்தேன். தொட்டியில விழுந்ததையும் பாத்தேன். மேல சொல்லு."

மேலே சொன்னார். அதிகாரி மலையில் அங்கங்கே ஏதாவது வைத்து, ட்ரோன் கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பார். அதைக் கோபுரத்திலிருந்து ஸுல்மிரா பார்த்து இவருக்குக் கைபேசியில் சொல்ல வேண்டும். இவர் ட்ரோன் பார்த்ததாக அதிகாரியிடம் சொல்வார். முக்கியமான விஷயம், அவள் ரேடியோவில் வாயே திறக்கக் கூடாது. கோபுரம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், பிறகு ட்ரோன் எதற்கு என்று கேட்டுவிடுவார்கள்.

"அப்ப நான் பாக்கறதை உனக்கு மட்டும் சொல்லணும்."

"ஆமா."

"கல்யாணமாகி முப்பது வருஷத்துல இப்பத்தான் நான் சொல்றதைக் கேக்கணும்னு உனக்குத் தோணியிருக்கு," என்றாள் ஸுல்மிரா. "சரி, சொல்றேன். ஆனா சும்மா இல்ல."

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் அக்கா இடலினா வீட்டில் விருந்து. பெல்மிரோ வர வேண்டும். வந்து, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்க்காமல், இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும். பெல்மிரோ ஒப்புக்கொண்டார். சூப் அண்டாவை நினைத்துக்கொண்டால் இடலினா சமையல்கூட விருந்துதான்.

பத்து மணிக்குக் கார் வந்தது. டாக்டர் கின்டேலா இறங்கினார். அவர் வைத்தியம் படித்தவர் இல்லை. லிஸ்பனிலிருந்து கோட்டுப் போட்டுக்கொண்டு வருகிற எவரையும் இந்தப் பக்கத்தில் டாக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும், இல்லையென்றால் வருத்தப்படுவார்கள். கூடவே கமாண்டர் கிராசிண்டா, அகலமான பெண்மணி, ஊரில் சங்கு பழுதானால் அவர் குரலே போதும் என்பார்கள். ஓட்டுநர் நோர்பெர்ட்டோ இருவரையும் இறக்கிவிட்டுக் காரைக் காட்டுப்பாதையில் ஏற்றிக்கொண்டு போனான். பின்னால் டப்பாக்கள் கடகடவென்று உருண்ட சத்தம் கேட்டது.

"ட்ரோன் எங்க?" என்றார் டாக்டர்.

"மேல இருக்கு, டாக்டர். உங்க கார் சத்தம் கேட்டதுமே ஏத்திட்டேன்."

மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஆகஸ்ட் மாதத்து வானம், துடைத்துவிட்டது போலிருந்தது. ஒரு நாரை போயிற்று.

"கண்ணுக்குத் தெரியலையே."

"தெரியாது, அவ்வளவு உயரம்."

"சத்தமும் கேக்கலையே."

"அதுதான் டாக்டர் அதோட விசேஷமே."

போன வாரம் அதே ட்ரோன் தேன்கூடு கலைந்த மாதிரி இரைந்ததைக் கேட்டவர் கமாண்டர். பெல்மிரோவை ஒரு கண்ணால் பார்த்தார். ஆனால் பெட்ரோசா ஊரின் கமாண்டரையும் அவர் அறிவார். அந்த ஆள் கையில் ட்ரோன் கிடைத்தால் திருவிழாவுக்கு வந்து பீற்றிக்கொள்வதைக் காது கொண்டு கேட்க முடியாது. ஆகவே, பெல்மிரோ அதை நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறார் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார்.

பெல்மிரோ வேனுக்குள் ஏறி உட்கார்ந்தார். டாக்டர் தலையை நீட்டித் திரையைப் பார்க்க வந்தார். பெல்மிரோ திரையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"மன்னிக்கணும் டாக்டர். இதுல ஜனங்க வீட்டு முற்றமெல்லாம் தெரியும். தனியுரிமைச் சட்டப்படி கையெழுத்துப் போட்டவன் மட்டும்தான் பாக்கலாம்."

டாக்டர் கின்டேலா சட்டம் என்ற சொல்லைக் கேட்டால் காலணியைக் கழற்றிவிட்டு நிற்கிற ரகம். இரண்டு அடி பின்வாங்கி, கோப்பைத் திறந்து, 'சட்ட ஒழுக்கம்: மிக நன்று' என்று எழுதிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பூசணிக்காயைப் பார்க்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லையென்றால் தாராளமாக மறைக்கலாம்.

பெல்மிரோ தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார். உள்ளே காதில் கைபேசியின் குட்டி ஒலிப்பான், முணுமுணுத்தால் போதும், அந்தப் பக்கம் கேட்கும். ஸுல்மிராவின் குரல் கணீரென்று வந்தது. லிஸ்பன் கார் நின்றிருக்கிறது. தொப்பி போட்ட ஒருவன் இறங்கி ஒரு டப்பாவைத் தக்கை உரிக்கும் கார்க் மரத்தடியில் வைக்கிறான். டப்பாவிலிருந்து வெள்ளையாகப் புகை வருகிறது. இருநூற்றுப் பன்னிரண்டு டிகிரி.

"புகை தெரியுது, டாக்டர். கார்க் மரத்தடி. இருநூத்துப் பன்னிரண்டு டிகிரி."

டாக்டர் கோப்பில் ஒரு குறி போட்டார். பிறகு நிமிர்ந்தார். "எங்கேருந்து இருநூத்துப் பன்னிரண்டு?"

கோபுரத்தில் ஒரு வட்டத் தகடு உண்டு. அதில் அளந்துதான் ஸுல்மிரா திசை சொல்வாள், பதினொரு வருடப் பழக்கம். பெல்மிரோ திரையைச் சட்டைக் கையால் ஒருமுறை துடைத்தார்.

"கோபுரத்துலேருந்து. ட்ரோனைக் கோபுரத்துக்கு நேர் மேல நிறுத்தியிருக்கேன், டாக்டர். அங்கேருந்து பாத்தாத்தான் எதுவும் மறைக்காது."

'இடத்தேர்வு: மிகச் சிறப்பு' என்று டாக்டர் எழுதினார்.

இரண்டாவது டப்பாவுக்கு ஸுல்மிரா கேட்ட விலை, மூன்று வருடமாகச் சமையலறையில் பிரித்துப் போட்டுக் கிடக்கும் மோட்டார் சைக்கிள். நாளைக்கே வெளியே போக வேண்டும், எஞ்சின் உள்பட. எஞ்சின் மேல்தான் அவள் ரொட்டி வைத்து நறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவதற்கு, அவள் அம்மா வந்து குளிர்காலம் முழுக்கத் தங்குவார்கள். பெல்மிரோ கொஞ்சம் இழுத்தார்.

"இங்க புகை தீந்துபோயிடும்," என்றாள் ஸுல்மிரா. "சீக்கிரம் சொல்லு."

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. அம்மாவும் வரட்டும் என்றார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பெல்மிரோவுக்குத்தான் போதவில்லை. புகையை மட்டும் சொன்னால் ட்ரோனின் பெருமை தெரியாது என்று அவருக்குப் பட்டது. டப்பா வைக்கிற ஆளின் வலது கட்டைவிரலில் கட்டுப் போட்டிருக்கிறது என்று ஸுல்மிரா சும்மா சொன்னதை, அவர் டாக்டரிடம் சொல்லிவிட்டார். டாக்டர் திகைத்துப்போனார். அன்று காலையில்தான் நோர்பெர்ட்டோ காரின் கதவில் விரலை நசுக்கிக்கொண்டான்.

அவ்வளவுதான், டாக்டருக்கு ஆசை வந்துவிட்டது. மனிதர் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். நோர்பெர்ட்டோ இப்போது என்ன செய்கிறான்? ஓக் மரத்துக்குப் பின்னால் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார் என்றார் பெல்மிரோ. அதைப் பதிவு செய்ய வேண்டாம், தனியுரிமை என்றார் டாக்டர். ஆறாவது டப்பாவின் சூடு எவ்வளவு? ட்ரோனில் வெப்பம் அளக்கும் கேமரா உண்டு என்று ஏட்டில் எழுதியிருக்கிறதே என்றார்.

ஸுல்மிராவிடம் இருந்தது தொலைநோக்கி. அதில் வெப்பம் தெரியாது.

"அவன் டப்பாவைத் தொட்டுட்டுக் கையை உதறினான்," என்றாள். "காப்பி டம்ளரைத் தொட்டா உதறுவோமே, அந்த அளவு."

"அறுபத்திரண்டு டிகிரி," என்றார் பெல்மிரோ.

டாக்டர் தன் தாளைப் புரட்டினார். தயாரிப்பாளர் கணக்குப்படி அறுபது. இரண்டு டிகிரி வித்தியாசத்தை ஏற்கலாம் என்று எழுதினார். எழுதியதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார், அவ்வளவு சந்தோஷம்.

பதினொன்றரைக்கு அவருக்கு இன்னொன்று நினைவு வந்தது. இதன் மின்கலம் முப்பத்தைந்து நிமிடம்தானே தாங்கும்? ஒன்றரை மணி நேரமாக மேலேயே நிற்கிறதே? பெல்மிரோ மலையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். மலைச்சரிவில் வெயில் ஏற ஏறக் காற்று மேல்நோக்கிப் போகும், கழுகெல்லாம் இறக்கை அடிக்காமல் அதில்தான் மிதக்கும், அந்த மாதிரி இதையும் மிதக்க விட்டிருப்பதாகச் சொன்னார். கமாண்டர் கிராசிண்டா சட்டென்று திரும்பி நின்றுகொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. டாக்டர் அந்த முறையைப் படம் போட்டுக் குறித்துக்கொண்டார்.

ஒன்பதாவது டப்பாவில் சிக்கிக்கொண்டார்கள். நோர்பெர்ட்டோ கார் மலைமுகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

"எனக்குத் தெரியல," என்றாள் ஸுல்மிரா. "முகடு மறைக்குது."

"ஏதாவது பண்ணு."

"பண்ணலாம். அந்தப் பக்கம் ஃபிர்மினோ ஆடு மேய்ச்சுக்கிட்டிருப்பான். கேக்கறேன்."

அந்தப் பெயரைக் கேட்டாலே பெல்மிரோவுக்கு ஆகாது. ஃபிர்மினோ முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் ஸுல்மிராவைப் பெண் கேட்டவன். இன்னமும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸுல்மிராவை மறக்க முடியாததால்தான் என்பது ஊர்ப்பேச்சு. ஆட்டு நாற்றத்தால் என்பது பெல்மிரோவின் கட்சி.

ஃபிர்மினோ உதவத் தயார் என்று இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. பதிலுக்கு அவன் கேட்பது ஒன்றே ஒன்று. திருவிழாவில் ஸுல்மிராவோடு முதல் நடனம் அவனுக்கு.

"முதல் ஆட்டம் புருஷனோடதுல்ல," என்றார் பெல்மிரோ பல்லைக் கடித்துக்கொண்டு.

"உன் முழங்காலை வச்சுக்கிட்டு நீ எங்க ஆடப்போற? சூப்பா, ஃபிர்மினோவா, யோசிச்சுச் சொல்லு."

பெல்மிரோ யோசித்தார். அகப்பை கண்முன்னால் வந்தது, உப்புக் குறைவு என்ற குரலும் காதில் கேட்டது. ஃபிர்மினோவே ஆடட்டும் என்றார்.

"டாக்டர், முகட்டுக்கு அந்தாண்ட ஒரு டப்பா. அதைச் சுத்தி எண்பது ஆடு நிக்குது. ஒண்ணு டப்பாவை நக்குது."

டாக்டர் உடனே நோர்பெர்ட்டோவைக் கைபேசியில் கூப்பிட்டார். ஆட்டை விரட்ட யாரையாவது அனுப்பச் சொல்லி மறுமுனையிலிருந்து அலறல் கேட்டது. டாக்டர் ஒன்பதாவது குறியைப் போட்டார். பேனாவை மூடினார். வந்து தொட்டிக் கரையில் உட்கார்ந்து, கமாண்டர் நீட்டிய பெட்டியிலிருந்து ஒரு முட்டைப் பணியாரத்தை எடுத்துக் கடித்தார். அவர் காலுக்குக் கீழே மூன்று ஆள் ஆழத்தில்தான் ட்ரோன் கிடந்தது.

"அற்புதம்," என்றார். "எங்க, இப்ப அதைக் கீழ இறக்குங்க. தொட்டுப் பாக்கணும்போல இருக்கு."

பெல்மிரோ இறக்கும் பாவனையில் கருவியின் குமிழைத் திருகினார். வலப்பக்கம் திருகினார், இடப்பக்கம் திருகினார். உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். சொல்லிவிட்டு நேராக முட்டைக்கோஸ் வாங்கப் போய்விடலாம். வாயைத் திறந்தேவிட்டார்.

அப்போது காதில் ஸுல்மிராவின் குரல் வேறு மாதிரி ஒலித்தது.

"பெல்மிரோ, இது டப்பா இல்ல. கறுப்பா வருது. அமாதேவு வீட்டுக்குப் பின்னால, நூத்து நாப்பது டிகிரி."

பிரான்சில் வேலை பார்க்கும் அமாதேவு வருடா வருடம் ஆகஸ்டில்தான் ஊருக்கு வருவான். வந்ததும் அப்பன் வீட்டுக் களையைச் சுத்தம் செய்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். காட்டுத்தீ அபாயம் என்று சிவப்பு எச்சரிக்கை போட்ட நாளில், உச்சி வெயிலில், களைவெட்டும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறான். தகடு கல்லில் பட்டுப் பொறி பறந்து, காய்ந்த புல் பற்றிக்கொண்டது. அதற்கு மேலே சரிவு முழுக்க யூக்கலிப்டஸ்.

"நான் ரேடியோவுல சொல்றேன்," என்றாள் ஸுல்மிரா.

அவள் சொல்வதற்குள் பெல்மிரோவின் கை வேனின் ரேடியோவில் இருந்தது. இருபத்தொன்பது வருடப் பழக்கம், மூளையைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை. எந்த இடம், எந்தப் பக்கம் காற்று, எந்தப் பாதையில் வண்டி ஏறும், எந்தப் பாதையில் போன மாதம் பாலம் உடைந்தது, எல்லாம் சொன்னார். மூச்சுவிடாமல் சொன்னார். ஸுல்மிரா கோபுரத்தில் ரேடியோவை எடுத்து மூன்று தடவை முயன்றாள். மூன்று தடவையும் தன் புருஷன் குரல்தான் கேட்டது. விட்டுவிட்டு அவர் காதிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள், தீ எந்தப் பக்கம் திரும்புகிறது என்று. அடுத்த பத்து நிமிடத்துக்குப் பெல்மிரோவுக்கு ட்ரோனும் நினைவில்லை, சூப்பும் நினைவில்லை.

வண்டிகள் இரண்டு ஏறின. ஹெலிகாப்டர் வந்தது. கமாண்டர் எல்லோரையும் ஆலயத்துக்குப் பின்னால் விரட்டினார். பணியாரப் பெட்டி காற்றில் பறந்தது. ஹெலிகாப்டர் தாழ இறங்கி வாளியைத் தொட்டிக்குள் ஆழமாக முக்கி, சேறும் நீருமாக மொண்டு எழுந்தது. வாளியின் விளிம்பில் கறுப்பாக ஏதோ எட்டிப்பார்த்ததைப் பெல்மிரோ பார்த்தார். அதற்கு மூன்று விசிறிகள் இருந்தன.

ஹெலிகாப்டர் அப்படியே போய் அமாதேவு வீட்டுக்குப் பின்னால் எல்லாவற்றையும் தீயின் மேல் கொட்டியது.

இருபத்தைந்து நிமிடத்தில் தீ அடங்கிவிட்டது. எரிந்தது அரை ஏக்கர் புல்லும் அமாதேவுவின் மீசையில் ஒரு பக்கமும்தான். இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் மேல் கிராமமே போயிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அது வெறும் பேச்சில்லை. முன்னொரு கோடையில் அப்படிப் போன கிராமத்தின் சுவர்கள் இன்னமும் அந்தச் சரிவில் நிற்கின்றன.

வீரர்கள் கரிபிடித்த முகத்தோடு குன்றுக்குத் திரும்பி வந்தார்கள். முன்னால் வந்தவன் கையில் ட்ரோனை ஏந்தியிருந்தான். நனைந்து, கருகி, பாசி தொங்க, அடிபட்ட காக்கையைத் தூக்கி வருவது போல் தூக்கி வந்தான்.

"எங்க கிடந்தது?" என்றார் டாக்டர்.

"தீக்கு நட்ட நடுவுல, டாக்டர்."

டாக்டர் கின்டேலா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கடைசி வரைக்கும் இது தீயை விட்டு நகரவில்லை என்று தழுதழுத்த குரலில் சொன்னார். ட்ரோனில் பாசி எப்படி வந்தது என்று ஒரு வீரன் ஆரம்பித்தான். கமாண்டர் அவன் காலை மிதித்தார். ஒரு விசிறியைக் காணோமே என்றான் இன்னொருவன். பெல்மிரோ சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

அங்கேயே நின்றபடி டாக்டர் முடிவைச் சொல்லிவிட்டார். பெட்ரோசாவும் வேண்டாம், கிட்ரோசாவும் வேண்டாம். காஸ்டெய்ராவுக்கே இரண்டு புதிய ட்ரோன்கள். இயக்குபவர் பெல்மிரோ, இனி ஒவ்வொரு கோடையும் அவர்தான், எழுத்துப்பூர்வமாக. வீரர்கள் கை தட்டினார்கள். உப்புக் குறைவு என்று சொன்னவனே வந்து கட்டிப்பிடித்தான். கமாண்டர் வேனுக்குள்ளிருந்து ஒரு புட்டியை எடுத்து எல்லோருக்கும் ஒரு வாய் பழச்சாராயம் ஊற்றினார். பெல்மிரோவுக்கு இரண்டு வாய்.

அவர் ஆலயத்துக்குப் பின்னால் ஒதுங்கிப் போய் ஸுல்மிராவைக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னார்.

"நல்லது," என்றாள் ஸுல்மிரா. "அகப்பையைப் புடிச்சுக்கிட்டு நீ நிக்கற மூஞ்சியை ஒரு வருஷம் பாத்தேன், என்னால முடியல. இனிமே பாக்க வேண்டாம்ல, அது போதும் எனக்கு. மோட்டார் சைக்கிளை வேணும்னா நிதானமா ஒரு வாரம் கழிச்சு எடு."

"அப்ப ஃபிர்மினோ?"

"ஃபிர்மினோ ஆடுவான். பேச்சுன்னா பேச்சுதான். நாளைக்கு என்னைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணாத. எனக்கு என் வேலை இருக்கு. இன்னைக்கு இங்கேருந்து பாக்கறதுக்கு மலை அவ்வளவு நல்லா இருக்கு."

பெல்மிரோ கைபேசியை வைத்தார். இத்தனை வருடத்தில் அவருக்கு அவளை இவ்வளவு பிடித்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை இடலினா வீட்டில் மூன்றாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது என்று முடிவு செய்துகொண்டார்.

திரும்பினால் நோர்பெர்ட்டோ நின்றிருந்தான். கட்டுப் போட்ட கையில் டாக்டரின் மதிப்பெண் தாள், இன்னொரு கையில் ஒட்டிய உறை ஒன்று. மேலெல்லாம் ஆட்டு நாற்றம். காலை முழுக்க டப்பா சுமந்த களைப்பிலும் அவன் சிரித்த முகமாகத்தான் இருந்தான்.

"வாழ்த்துகள் ஐயா, ட்ரோனா கோபுரமான்னு பாக்க வந்த சோதனையில ட்ரோனுக்கு ஒம்பதுக்கு ஒம்பது, கோபுரத்துக்குச் சைபர், அங்க உக்காந்திருக்கற அம்மா காலையிலேருந்து ரேடியோவுல ஒரு புகையைக்கூடச் சொல்லல, தூங்கிட்டாங்க போல, இனி வேலைக்கு வர வேண்டாம்னு அவங்களுக்கு இந்தக் கடுதாசியை இன்னைக்கே குடுத்தாகணும், அவங்க வீடு எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"